உறையும் கூரும்

மலைப்பாதையில் நடக்கச் செல்வோரின் முதுகுப்பையில் கயிறு, தீப்பெட்டி, மருந்துப்பெட்டி ஆகியவற்றோடு ஒரு கத்தியும் இடம்பெறுவது வழக்கம். சுள்ளியைச் சீவவும், கயிற்றை அறுக்கவும், காய்கறி நறுக்கவும், அவசரத்தில் கட்டுத்துணி கிழிக்கவும் அது தேவைப்படுகிறது. எளிய பொருள்தான். ஆயினும் அதைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு எளிதன்று.

பங்கு இளைஞர்களோடு பழனி மலைத்தொடரில் நடைப்பயணம் மேற்கொள்ளும் நாங்கள், குழுவுக்கென ஒரு கத்தி வாங்க எண்ணியபோது, திரைப்படங்களில் காண்பது போன்ற, முதுகில் ரம்பப் பற்கள் கொண்ட பெரிய கத்தியையே இளைஞர்கள் விரும்பினர். ஒரு தாயோ, "அரிவாளுக்குப் பயந்துதான் பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்புகிறேன். நீங்களே கத்தியைக் கொடுக்கலாமா ஐயா?" என்று கேட்டார். பழிக்குப் பழியால் கணவரை இழந்த பெண்கள் வாழும் தெருக்களை அறிந்த எங்களால் அக்கேள்வியை ஒதுக்க இயலவில்லை.

முதலில் தேவையை எண்ணினோம். மடக்குக்கத்தி பையில் அடங்கும். ஆனால் மடங்கும் மூட்டே அதன் பலவீனம். மடங்காத கத்தியில், அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஒரே துண்டாகச் செல்லுமாயின், அழுத்தம் தாங்கும். நான்கு அங்குல அலகும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் முகாம் வேலைகளுக்குப் போதும். கரிம எஃகு எளிதில் தீட்டப்படும். துடைத்து எண்ணெய் இடாவிடில் துருப்பிடிக்கும். குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு மழைக்கும் மூடுபனிக்கும் ஏற்றது. அதையே தேர்ந்தோம். பெருமைக்கான ரம்பப் பற்கள் வேண்டாம் என்றோம்.

கூர் மழுங்கினால் ஆபத்து குறையும் எனப் பலர் நினைக்கின்றனர். உண்மை வேறு. மழுங்கிய கத்தியைக் கை மிகுதியாக அழுத்துகிறது; அது வழுக்கினால் காயம் ஆழமாகிறது. தீட்டப்படாத இரும்பு வலிமையை வீணாக்கும் என்பதைச் சபை உரையாளரும் அறிந்திருந்தார்.

ஆனால் கூரைவிட முக்கியமானது உறை. கெத்சமனித் தோட்டத்தில் பேதுருவின் வாளை ஆண்டவர் உறைக்குத் திருப்பி அனுப்பினார். உறையற்ற கத்தியை நாங்கள் வாங்க மறுத்தது இதனால்தான். அந்தத் தாய்க்கு நாங்கள் அளித்த விடையும் இதுவே: அமர்ந்து வேலை செய்யும்போது மட்டுமே கத்தி உறையை விட்டு வரும், வேலை முடிந்ததும் பொறுப்பாளரின் பைக்குத் திரும்பும்.

சட்டத்திற்கும் இதில் இடம் உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கத்தியையும் ஆயுதமாகக் கணக்கிடுகிறது. எழுத்து வடிவிலான முன் அனுமதியின்றி அதைச் சரணாலயத்துக்குள் எடுத்துச் செல்லலாகாது. கொடைக்கானல் வனப்பகுதி 2013இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே அனுமதி இல்லாத பாதையில் எங்கள் கத்தி வருவதில்லை.

இளைஞர்களுக்கு முதலில் கற்பிப்பது வெட்டுவதை அன்று, கொடுப்பதை. கைப்பிடி பிறர் பக்கமும் ஆபத்து நம் பக்கமும் இருக்கும்படி நீட்ட வேண்டும். பெறுபவர் உறுதியாகப் பற்றிய பின்பே விட வேண்டும். கையிலுள்ள வலிமையை, அது சொல்லாயினும் பதவியாயினும், பிறருக்கு இவ்வாறு நீட்டப் பழகிவிட்டால், நம் தெருக்களில் இரும்பைக் கண்டு அஞ்சும் தாய்மார் குறைவர் அன்றோ?