மரையும் மதகும்

நாங்கள் இருவர். மூத்தவர் அரசுப் போக்குவரத்துப் பணிமனையொன்றில் 31 ஆண்டுகள் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இளையவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இதனை எழுதுபவரும் அவரே. வயதில் 13 ஆண்டு இடைவெளி. பாளையங்கோட்டையில் ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருக்கிறோம். எங்களுக்குப் பொதுவாக ஒரு பழைய கார் உண்டு. அதற்கு ஆயில் மாற்றும் வேலையை நாங்கள் வெளியாரிடம் விட்டதில்லை. ஒரே ஒருமுறை விட்டோம். அந்த ஒருமுறைதான் இவ்வளவும் எழுத வைத்தது.

ஈராண்டுகளுக்கு முன் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. நடை மீண்டது, பேச்சு மீண்டது. வலக்கையின் பிடி மட்டும் மீளவில்லை. தேநீர்க் குவளையைத் தாங்கும், ஸ்பேனரைத் தாங்காது. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்நாட்களில் வண்டியை ஊரிலுள்ள பட்டறையொன்றில் விட்டு ஆயில் மாற்றினோம். அங்கிருந்த இளைஞன் டிரெயின் போல்ட்டை இறுக்கிய விதத்தை நாங்கள் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கழற்றியபோதுதான் அறிந்தோம். ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாயொன்றைச் செருகி முறுக்கியிருக்க வேண்டும். போல்ட்டைத் திருகத் திருக, சம்ப்பின் மரை வெள்ளிய இழையாகச் சுருண்டு, இடியாப்பம் பிழிந்தாற்போல் அதனுடனேயே வெளியே வந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. போல்ட் இரும்பு, எங்கள் வண்டியின் சம்ப் அலுமினியம். வலியதும் மெலியதும் ஒன்றையொன்று பற்றி நிற்குமிடத்தில் தேய்வது மெலியதே. அளவாக இறுக்கினாலும் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டுகையிலும் அந்த மரை சிறிதளவேனும் தேயவே செய்கிறது. மிகையாக இறுக்கினால் ஒரே முறையில் போய்விடும். (மனிதரையும் 'மரை கழன்றவன்' என்கிறோம். அந்த மரையைக் கழற்றியது யார், எவ்வளவு இறுக்கியதால் கழன்றது என்று நாம் கேட்பதில்லை.)

லேத் பட்டறைக்காரர் பழைய துளையைச் சற்றே அகலப்படுத்தி, புதிய மரையிட்டு, கம்பிச்சுருள் ஒன்றைப் பதித்துக் கொடுத்தார். வண்டி பிழைத்தது. அன்று மாலை அண்ணன் தம் கருவிப்பெட்டியிலிருந்து 17 எண் ரிங் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். "இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்டே," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கருவியும் வெளியே இரவல் சென்றதில்லை என்பதை அறிந்தவர்க்கே அச்சொல்லின் கனம் புரியும்.

ஸ்பேனர் வேண்டாத வழி ஏதும் உண்டோ என்று தேடத் தொடங்கியது அன்றிரவுதான். ஆயில் டிரெயின் வால்வு என்ற பொருள் இருப்பதை நாங்கள் அதுவரை அறியோம். போல்ட் இருந்த துளையில் அதே மரையுடன் ஒரு திருகுவாய் அமர்ந்துகொள்கிறது; ஒருமுறை மாட்டினால் பிறகு கழற்றுவதில்லை. ஆயில் மாற்றும் நாளில் அதனைத் திறந்தால் போதும்.

படித்த மாத்திரத்தில் இளையவருக்கு நினைவில் எழுந்தது பாண்டிநாட்டுக் குளங்களின் குமிழித்தூம்பு. கரையை வெட்டி வயலுக்கு நீர் விடுபவன் ஒவ்வொரு முறையும் கரையைக் கட்டியாக வேண்டும்; கட்டிய இடம் முன்னைப்போல் உறுதியாக இராது. ஆகவே கரைக்குச் சற்று உள்ளே, குளத்தின் அடியில் துளையிட்ட தொட்டி அமைத்து, இரு கல்தூண்களுக்கு இடையே மேலும் கீழும் அசையும் அடைப்பால் அத்துளையை மூடினார்கள். அடைப்பைத் தூக்கினால் நீர் கரைக்கடியில் ஓடும் கால்வாய் வழியே வெளியேறும். கரை தீண்டப்படாமலேயே இருக்கும். வால்வின் பயனும் அதுவே. கைக்கு எளிது என்பது பிறகு. புண்பட்ட அந்த மரையை இனி ஒருவரும் தீண்ட வேண்டியதில்லை என்பதே முதன்மை.

அண்ணனிடம் சொன்னோம். பணிமனைக்காரர் எதையும் உடனே ஒப்புக்கொள்ளமாட்டார். "போல்ட்டுக்கு மேல நம்பிக்கையானது ஒண்ணும் கிடையாது. வண்டிக்கு அடியில தொங்குற சாமான் எதுவா இருந்தாலும் ரோட்டுல ஒருநாள் இடிக்கும். இடிச்சா ஆயில் போகும். ஆயில் போனா எஞ்சின் போகும்."

இந்த நான்கு வாக்கியங்களில்தான் இப்பொருளின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. வால்வு விற்போர் இதனைச் சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். எங்கள் சாலைகளில் ஓட்டுபவர் பெரிய எழுத்தில் படிக்க வேண்டும். இந்திய சாலைக் காங்கிரசின் நெறிமுறைப்படி வேகத்தடை மெல்ல எழுந்து மெல்லத் தாழ வேண்டும். எங்கள் தெருமுனையில் இருப்பது அந்த நெறிமுறையை அறியாது. ஊரார் தாமே கான்கிரீட் கொட்டி எழுப்பிய செங்குத்து வரப்பு அது.

எனவே முதலில் அளந்தோம். இவ்வால்வை வாங்க எண்ணும் எவரும் விலையைப் பார்க்குமுன் வண்டிக்கடியில் குனிந்து டிரெயின் போல்ட் எத்திசை நோக்கியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். தரையை நோக்கியிருந்தால் வால்வு முழுநீளமும் கீழே தொங்கும். அவ்வண்டிக்கு எங்கள் பரிந்துரை, பேசாமல் போல்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எங்கள் வண்டியில் அது சம்ப்பின் பின்சுவரில், கிடைமட்டமாக, பின்சக்கரத்தை நோக்கியிருந்தது. முன்னிருந்து வரும் கல்லையும் வரப்பையும் சம்ப்பே முதலில் ஏற்றுக்கொள்ளும். போல்ட்டின் நடுப்புள்ளிக்குக் கீழேயும் சம்ப்பின் உடல் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அண்ணன் பாயில் படுத்தபடி, இடக்கையால் அட்டைத்துண்டை வைத்து வைத்து மூன்று முறை அளந்தார். பிறகு, "சரி, மேல சொல்லு," என்றார்.

பெரும்பாலும் இரு வகை. ஜப்பானின் ஃபுமோட்டோ போன்றவை பித்தளை உடலுக்குள் துளையிட்ட சிறு உருண்டை வைத்தவை. நெம்புகோலை வில்லின் விசைக்கு எதிராக உயர்த்திக் கால் சுற்றுத் திருப்பினால் திறக்கும். ஜெர்மனியின் ஸ்டால்பஸ் போன்றவற்றில் நெம்புகோலே இல்லை. மூடியைக் கழற்றிவிட்டு, குழாயுடன் கூடிய முனையை மாட்டினால்தான் உள்ளிருக்கும் அடைப்பு விலகி வழி விடும். இரண்டாவது வகை குட்டையானது, தற்செயலாகத் திறக்க வழியில்லாதது. பாதுகாப்பை மட்டும் கருதினால் அதுவே மேல். ஆனால் அதற்கு விரல்நுனிகளால் மூடியைத் திருக வேண்டும். குழாய்முனையை நேர்பார்த்துப் பொருத்த வேண்டும். இரு கைகளும் ஒத்துழைப்பவர்க்கு அது வேலையே அன்று. எங்கள் தேர்வு நெம்புகோலின் பக்கம் சாய்ந்தது அதனால்தான்.

நெம்புகோல் தானாகத் திறந்துகொண்டால்? அண்ணனின் அடுத்த வினா அது. மூடிய நிலையில் அது ஒரு பள்ளத்தில் அமர்ந்திருக்கிறது. முதலில் உயர்த்தி, பின் திருப்பினாலன்றி அசையாது. ஒரு குச்சியோ கல்லோ இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் செய்வது அரிது. அதன்மேல் பூட்டாக மாட்டும் கிளிப்பும் தனியே கிடைக்கிறது. வாங்கினோம்.

அளவைப் பிழையின்றிக் கேட்டு வாங்குவது அடுத்த கவனம். ஹோண்டா, சுசுகி, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் 14 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்ட துளை. டொயோட்டா கார்கள் பலவற்றில் 12 மில்லிமீட்டரும் 1.25 மில்லிமீட்டரும். 'பல' என்ற சொல்லைக் கவனிக்க: கையேட்டைப் பார்க்காமல் வாங்கலாகாது. எங்களுடையது போன்ற கிடைமட்டத் துளைக்கு முனையில் குழாய் மாட்டும் மூக்குள்ள வால்வே பொருந்தும். மூக்கில்லாததைத் திறந்தால் எண்ணெய் நேரே பாய்ந்து முகத்தில் விழும். மாட்டுகையில் பித்தளை என்பதை மறக்கக்கூடாது. இரும்புப் போல்ட்டுக்குரிய முறுக்கை அதற்குக் கொடுத்தால் கழுத்தோடு முறியும். வால்வுடன் வந்த தாளில் குறித்த அளவுக்கே டார்க் ரெஞ்சை வைத்தோம். 'டக்' என்ற ஒலி கேட்டதும் அண்ணன், "போதும், விடு," என்றார். அந்தக் குரலில் பணிமனை திரும்பியிருந்தது.

முதல் ஆயில் மாற்றம் ஒரு ஞாயிறு காலை. அண்ணன் பணிக்காலத்தில் தேக்குப்பலகைகளை அடுக்கிச் செய்த சாய்வுமேடை இரண்டு உண்டு. முன்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தோம். (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகுவோரை அண்ணன் பெயர் சொல்லியே திட்டுவார், இவர்களுள் சிலர் இன்றில்லை என்பார்.) முன்பக்கம் உயர்ந்தால் எண்ணெய் பின்சுவரை நோக்கித் திரளும், எங்களுக்கு அதுவும் நலமாயிற்று. எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, எண்ணெய் வெதுவெதுப்பானதும் நிறுத்தினோம். முன்பெல்லாம் போல்ட்டின் கடைசிச் சுற்றில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் சூடான எண்ணெய் முழங்கைவரை வழியும். இப்போது குழாயின் மறுமுனை கேனுக்குள் இருந்தது. அண்ணன் பாயில் சாய்ந்து இடக்கையை நீட்டினார். கிளிப்பை எடுத்தார். நெம்புகோலை உயர்த்தினார். திருப்பினார்.

குழாய்க்குள் கரிய எண்ணெய் இறங்கும் நிழல் தெரிந்தது. போல்ட் துளையில் இரண்டு மூன்று நிமிடத்தில் வடிவது இதில் கால் மணிக்கு மேலாயிற்று. வால்வின் துளை சிறியது. வேலைக்கு விரைபவர்க்கு இது குறைதான். எங்களுக்கு அது பேச்சுக்குரிய நேரம். அப்பா இப்படி வடித்த எண்ணெயைக் கரையானுக்காக வேலிக்காலில் பூசியதை அண்ணன் நினைவுகூர்ந்தார். இன்று அது தகாது. மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும் நஞ்சு. கேனை மூடி, மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் சேர்க்கிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வால்வு பாதி வேலையைத்தான் எளிதாக்குகிறது. ஆயில் பில்டரைப் பிடித்துத் திருகிக் கழற்றுவதற்கு இன்னும் ஒரு நல்ல கை வேண்டும். எங்களிடம் அது இளையவரின் கை. புதிய பில்டரின் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தொட்டுத் தடவினாயா, கையால் மட்டும்தானே இறுக்கினாய் என்று வெளியிலிருந்து விசாரணை நடந்தது. தமிழ் வகுப்பில் கேள்வி கேட்டே பழகியவர் அன்று விடை சொல்லியே களைத்தார்.

வடிந்து முடிந்ததும் நெம்புகோலைத் திருப்பிப் பள்ளத்தில் அமர்த்தியது அண்ணனே. கிளிப்பையும் அவரே மாட்டினார்; முதல் முறை நழுவியது, இரண்டாம் முறை அமர்ந்தது. உதவிக்கு நீண்ட கையைப் புறங்கையால் விலக்கினார்.

அன்றிரவு வண்டிக்கடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார். காலையில் ஒரு சொட்டும் இல்லை. மறுநாளும் விரித்தார். இப்போது எட்டு மாதமாகிறது. தாள் நாள்தோறும் மாறுகிறது. கழற்றிய போல்ட்டையும் இரண்டு புதிய வாஷர்களையும் பவுடர் டப்பா ஒன்றில் இட்டு டாஷ்போர்டில் வைத்திருக்கிறார். அதனருகே 17 எண் ஸ்பேனர் வேண்டுமே என்றோம். சிறிது யோசித்துவிட்டு, "அது பெட்டியில இருக்கட்டும். வேணும்னா வந்து கேளு," என்று திருப்பி வாங்கிக்கொண்டார்.