இடக்கை அரிவாள்

அப்பா இடக்கைக்காரர். சாப்பிடுவதும் களத்தில் நெல் அளப்பதும் மட்டும் வலக்கையால். அந்த இரண்டிலும் பாட்டி விட்டுக்கொடுக்கவில்லை. முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குகிற காரியத்தை இடக்கையால் செய்ய எந்த வீட்டில் விடுவார்கள்? ஆனால் அறுப்புக்கு இறங்கினால் அரிவாள் தானாக இடக்கைக்குப் போய்விடும்.

கருக்கரிவாள் பிடித்தவர்களுக்குத் தெரியும், பற்கள் தகட்டின் ஒரு பக்கத்தில்தான் வெட்டியிருக்கும். வலக்கை அரிவாளை இடக்கையால் இழுத்தால் தாளை அறுக்காமல் வழுக்கும். அதனால் எங்கள் ஊர்க் கொல்லர் மறுபக்கம் கருக்கு வெட்டி அப்பாவுக்கென்று தனியாக ஒன்று செய்து கொடுத்திருந்தார். குறுவைக்கு முன்னால் ஒரு தடவை, சம்பாவுக்கு முன்னால் ஒரு தடவை அது பட்டறைக்குப் போய் வரும். கூலி காசாக இல்லை, களத்தில் நெல்லாக. அறுப்பு வரிசையில் அப்பாவுக்கு எப்போதும் கடைசி இடம். நடுவில் நின்றால் பக்கத்து ஆளின் கையோடு கை இடிக்கும். அந்த அரிவாளை யாரும் இரவல் கேட்டதில்லை. வாங்கிப் போய்த்தான் என்ன செய்வது!

நான் படித்துத் தபால் துறைக்குப் போனவன். வயலைத் தம்பிதான் பார்த்துக்கொண்டான். 1998இல் பாபநாசம் பக்கத்து எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி கட்டினோம். பணம் என்னுடையது, அதனால் அதிகாரமும் என்னுடையது என்று நினைப்பு. பரணில் கிடந்த கொழு, மண்வெட்டி, கடப்பாரை, இரும்பு மரக்கால் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகட்டும்டா, இனிமே யாரு தொடப்போறா" என்றார்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கிடைத்தது நூற்றுச் சொச்சம் ரூபாய். அன்றைக்கே சித்தாள் கூலியோடு போய்விட்டது.

ஒன்பது வருஷம் கழித்து அப்பா போனார். காரியங்கள் முடிந்தபின் பத்திரம் தேடி அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பட்டா, கிஸ்தி ரசீதுகள், எல்லாவற்றுக்கும் அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றி அந்த அரிவாள். துரு ஒரு பொட்டுகூட இல்லை. துணியில் தேங்காய் எண்ணெய் வாசம். இரும்புக்காரர் வருவதற்கு முன்பே எடுத்து ஒளித்திருக்கிறார், என்னிடமிருந்து! "உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"நீயே வச்சுக்கண்ணே" என்றான் தம்பி. நிலம் அவனுக்கு, அரிவாள் எனக்கு. எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் சண்டை வராத ஒரே இனம் அதுதான். மாதம் ஒரு முறை எண்ணெய் போடுகிறேன். பிடியில் பூண் கொஞ்சம் ஆடுகிறது, மாற்ற மனமில்லை.

இப்போது அறுப்பெல்லாம் இயந்திரம்தான். 40 கிலோ சிப்பமாகக் கட்டிக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறார்கள். ஆனாலும் இயந்திரம் இறங்கித் திரும்புவதற்கு வயலின் மூலைகளைக் கையால் அறுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. போன தையில் அரிவாளோடு போனேன். பட்டறை மூடி எத்தனையோ வருஷம், கருக்கு மழுங்கியிருந்தது. வலக்கையால் இழுத்தேன், தாள் மடங்கியது. இடக்கைக்கு மாற்றினேன். நாலு தூர் அறுத்திருப்பேன், அதுவும் கோணல்மாணலாக.

தம்பி வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "போதும்ணே, விரலு போயிடும். வரப்புல உக்காரு."