குயிலாப்பாளையத்தில் ஒரு சிங்கம்

குயிலின் பெயரைத் தாங்கிய ஊருக்குச் சிங்கம் பார்க்கப் போனேன் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆனால் விஷயம் உண்மைதான். அவ்வூருக்குத் தெற்கே, புதுச்சேரி முத்தியாலுப்பேட்டையில் குயில் தோப்பு இருக்கிறது. 1908 முதல் 1918 வரையில் புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாருக்குக் 'குயில் பாட்டு' உதித்த இடம் அந்தத் தோப்பு என்பார்கள். ஆகையால் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் குயிலைத் தேடுவதில் ஆச்சரியமில்லை. நானோ, சிலம்பத்தையும் சிங்க நடனத்தையும் ஒரே மைதானத்தில் காணலாம் என்று நண்பர் ஒருவர் எழுதிய கடிதத்தை நம்பிப் புறப்பட்டேன்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையில் கிளியனூரைக் கடந்து, கடைசியில் கிழக்கே திரும்ப வேண்டும். ஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளத்தின் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே சென்றால் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. செக்கச் சிவந்த மண், முந்திரித் தோப்பு, இடையிடையே பனைமரம். விழுப்புரம் ஜில்லா வானூர் வட்டத்தைச் சேர்ந்த இந்த மேட்டு நிலம் ஒரு காலத்தில் மழைநீர் அறுத்தோடிய பள்ளங்களும் பொட்டல்வெளியுமாகக் கிடந்தது. இன்று இங்கே நிழல் இருக்கிறதென்றால், அது இருந்து நட்டு நீர் ஊற்றியவர்களின் உழைப்பு.

1968-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ஆம் தேதி ஆரோவில் நகருக்கு இம்மேட்டில் அஸ்திவாரம் போட்டார்கள். 124 தேசங்களிலிருந்து ஒவ்வொரு பிடி மண் கொண்டுவந்து, தாமரை மொட்டு வடிவமான சலவைக்கல் தாழியில் இட்டார்கள். அந்நகரத்தை ஒட்டிய தமிழ்க் கிராமங்களில் ஒன்றுதான் குயிலாப்பாளையம். இவ்வூர்க் கடைத்தெருவில் கீரைக்காரி ஒருத்தி பிரெஞ்சுக்காரரிடம் பேரம் பேசுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. வெளியூர்க்காரனாகிய நான் மட்டும் நின்று பார்த்தேன்.

நான் போன அன்று மாலை ஒரு விழாச் சந்தை. பனைநுங்கு, முந்திரிப்பருப்பு, மண்பொம்மை, ஊதுவத்தி, வேர்க்கடலை எல்லாம் கடை விரித்திருந்தன. நடுவே கயிறு கட்டி ஒரு வட்டம் விட்டிருந்தார்கள். வட்டத்தின் ஒரு பக்கம் பம்பைக்காரர்கள். மறுபக்கம், பீப்பாய் போன்ற ஒரு பெரிய முரசும் வெண்கலத் தட்டும் ஜாலராக்களும். அந்த முரசைப் பார்த்ததுமே, கடிதம் பொய்யாகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் சிலம்பம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், தன் நெற்றி உயரமுள்ள பிரம்பை எடுத்துக்கொண்டு வந்தான். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், வாத்தியாரை வணங்கினான். பிறகு கம்பு சுழல ஆரம்பித்தது. சற்று நேரத்தில் கம்பு கண்ணுக்கு மறைந்து, 'விர்' என்ற ஓசையும் ஒரு வட்டமும் மட்டுமே மிஞ்சின. ஜனங்கள் எல்லோரும் அந்த வட்டத்தைப் பார்த்தார்கள். வாத்தியார் மாத்திரம் பையனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலம்பத்தின் ரகசியம் காலடியில் இருக்கிறது. கை தவறினால் கம்பு விழும். கால் தவறினால் ஆளே விழுவான். அடுத்து இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று கம்போடு கம்பு மோதினார்கள். சுருள்வாள் வீச்சும் நடந்தது. அந்த வாள் காற்றைக் கிழித்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் தாமாகவே பின்வரிசைக்காரர்கள் ஆனார்கள்.

பிறகு முரசு முழங்கிற்று, சிங்கம் வந்தது.

மூங்கில் சட்டத்தின் மேல் காகிதமும் துணியும் ஒட்டிச் செய்த பெரிய தலை, நெற்றியில் கண்ணாடி, ஒற்றைக் கொம்பு, இமைக்கும் கண்கள், பிடரியில் வெண்மயிர். முன்னே ஒருவன் தலையைத் தாங்குகிறான். பின்னே ஒருவன் குனிந்தபடியே அவன் இடுப்பைப் பற்றிக்கொண்டு முதுகாகவும் பின்னங்காலாகவும் இருக்கிறான். ஆனால் முரசு முழங்கியதும் இரண்டு பேர் என்ற நினைவே நமக்கு அற்றுப் போகிறது. சிங்கம் சோம்பல் முறிக்கிறது, காதைச் சொறிந்துகொள்கிறது, குழந்தைகளைக் கண்டு பயந்தாற்போல் பின்வாங்குகிறது, திடீரென்று முன்னவன் பின்னவனுடைய தொடையின் மேல் ஏறி நிற்க, ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது!

இதெல்லாம் வெறும் கூத்தாட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். தென்சீனத்தில் சிங்கம் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் மற்போர்ப் பள்ளிகளின் மாணவர்கள். குதிரை மேல் இருப்பது போல முழங்காலை மடக்கி நிற்கும் நிலையில் மாதக்கணக்காகப் பழகியவன்தான் சிங்கத்தின் காலாக முடியும். புத்தாண்டின்போது கோஷ்டியார் கடை கடையாகப் போவார்கள். கடைக்காரர் உயரத்தில் ஒரு கீரைக் கட்டையும், சிவப்பு உறையில் பணத்தையும் தொங்கவிடுவார். சிங்கம் எகிறிக் கவ்வி, கீரையைக் கடித்துத் துப்பும். பணம் பள்ளிக்குப் போய்ச் சேரும். சீன மொழியில் கீரையைக் குறிக்கும் சொல்லும் செல்வத்தைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் ஒத்திருப்பதால், துப்பிய கீரை மேலே விழுவதும் பாக்கியமே.

சீனக் கீரைக்குக் குயிலாப்பாளையத்தில் எங்கே போவது? மூங்கில் கழி நுனியில் ஒரு கட்டு அறுகீரை தொங்கிற்று. அப்போது என் பக்கத்தில் ஒரு சம்பாஷணை நடந்தது.

"ஏன்டா, சிங்கம் எங்கனா கீரை தின்னுமா?" என்று ஒரு கிழவி பேரனைக் கேட்டாள்.

"இது நெசச் சிங்கம் இல்ல ஆயா, ஆடுற சிங்கம்."

"அதானே பாத்தேன். நெசச் சிங்கமா இருந்தா வெல கேட்டுட்டுல்ல தின்னும்!"

கிழவியின் தலைமேல் இரண்டு கீரைத் தண்டுகள் வந்து விழுந்தன. அவற்றை அவள் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டாள்.

என் இடது பக்கத்தில் இருந்த பெரியவர் இதில் எல்லாம் மனம் செலுத்தவில்லை. "எல்லாம் இங்கேயிருந்து போனதுதான், ஸார்! போதி தர்மர் காஞ்சீபுரத்துக்காரர். அவர் போய்த்தான் சீனாக்காரனுக்குச் சண்டையே சொல்லிக் கொடுத்தார்" என்றார். 2011-இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இந்த வாக்கியத்தைச் சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சரித்திரத்தையும் கொஞ்சம் கேட்டுவிட வேண்டும் அல்லவா? போதி தர்மர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது புதல்வர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்லுகிறது. அவர் பாரசீகர் என்று வேறொரு பழைய குறிப்பு சொல்லுகிறது. இரண்டிலும் சண்டைப் பயிற்சியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஷாவோலின் மடத்துத் தேகப் பயிற்சியை அவரோடு இணைக்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டில், அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது. ஆதாரமில்லாத பெருமை கடன் வாங்கிய நகை போன்றது. கழுத்தில் இருக்கும் வரையில் கவலைதான்.

சொந்த நகை இல்லையா என்றால், இருக்கிறது. சீனாவில் சிங்கமே கிடையாது. 945-ஆம் ஆண்டில் தொகுத்து முடிக்கப்பெற்ற தாங் வம்சத்துப் பழைய சரித்திரம், அரண்மனையில் நடந்த ஐந்து சிங்க நடனத்தை வர்ணிக்கிறது. மயிர் கோத்துச் செய்த சிங்கத்தின் உள்ளே மனிதர் இருப்பர்; ஐந்து திசைக்கும் ஐந்து நிறம்; இரண்டு பேர் கயிறும் சாமரமும் ஏந்திச் சிங்கத்தை விளையாட்டுக் காட்டுவர்; 140 பேர் பாடுவர். அந்தச் சிங்கம் எந்த நாட்டு மிருகம் என்பதையும் அந்நூல் சொல்லுகிறது: இந்தியா, சிம்மள தேசம் முதலான நாடுகளிலிருந்து வருவது!

அதே தாங் சக்கரவர்த்திகளின் காலத்தில், 720-ஆம் ஆண்டு, காஞ்சிப் பல்லவனிடமிருந்து சீனாவுக்குத் தூது சென்றது. தன் யானைகளையும் குதிரைகளையும் கொண்டு அராபியரையும் திபெத்தியரையும் எதிர்க்க அவன் முன்வந்தான். சக்கரவர்த்தி மகிழ்ந்து, அவன் படைக்கு 'நற்குணத்தைப் போற்றும் சேனை' என்று பெயர் சூட்டினார். அந்தப் பல்லவனின் விருதுப் பெயரே ராஜசிம்மன். அவன் கட்டிய தாளகிரீசுவரர் ஆலயம் இதே விழுப்புரம் ஜில்லாவில் பனமலைக் குன்றின் மேல் இருக்கிறது. அங்கே தூண்களின் அடியில் கல் சிங்கங்கள் காலைத் தூக்கி நிற்கின்றன. நம் காடுகளிலும் சிங்கம் கிடையாது. காணாத மிருகத்தைக் கல்லிலே அமைத்தான் தமிழ்ச் சிற்பி. துணியிலே அமைத்தான் சீனன். இரண்டு சிங்கங்களுக்கும் பிடரி சுருண்டிருக்கிறது; இரண்டுக்கும் கண் பிதுங்கியிருக்கிறது. நம் சிங்கம் ஆயிரத்து முந்நூறு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது, அவர்களுடையது ஆடிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

ஆடிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் என்ன? ஆட்டம் முடிந்ததும் சிலம்ப வாத்தியாரிடம் பேசியபோது எனக்கு அது விளங்கிற்று. பகலில் கொத்து வேலைக்குப் போகிறவர் அவர்.

"வாத்தியாரே, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்?" என்றேன்.

"சேரும்போது நெறைய வராங்க, ஐயா. பத்தாங் கிளாஸ் வந்ததும் பாதி நின்னுடுது. பரீட்சைன்னு பெத்தவங்க நிறுத்திடறாங்க. திருவிழாவுக்கு முன்னெல்லாம் சாமி ஊர்வலத்துக்கு முன்னால எங்களத்தான் கூப்பிடுவாங்க. வேட்டி, துண்டு, கையில கொஞ்சம் பணம் கெடைக்கும். இப்போ அந்த நேரத்துக்குப் பாட்டுக் கச்சேரி வெச்சிடறாங்க."

சிங்கத்தின் கீரைக் கட்டில் ஒளிந்திருந்த சிவப்பு உறை அப்போதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. அது வேடிக்கைக்கு மட்டும் தொங்கவில்லை. ஒவ்வொரு கடைக்காரனும் வருஷத்துக்கு ஒரு முறை தன் தெருப் பள்ளிக்குக் கட்டும் வரி அது. அந்த வரி இருந்த வரையில் பள்ளியும் இருந்தது; பள்ளி இருந்த வரையில் சிங்கமும் இருந்தது.

சீனர் குடியேறிய மலேயா நாட்டிலே இந்தச் சிங்கத்துக்கும் சோதனை வந்தது. 1979-இல் மலேசிய மந்திரி ஒருவர், இது அந்நியக் கலை, சிங்கத்தைப் புலியாக மாற்றிக்கொள்ளலாம் என்ற பொருள்படப் பேசினார். சீனர்கள் சண்டைக்குப் போகவில்லை, பயிற்சிக்குப் போனார்கள். வரிசையாக நட்ட உயரமான கம்பங்களின் மேல் தாவி ஆடும் புதிய முறையை அந்நாட்டிலேயே வளர்த்தார்கள். 2007-இல் அந்தக் கம்பச் சிங்க நடனத்தை மலேசிய அரசாங்கமே தன் தேசியப் பாரம்பரியங்களில் சேர்த்துக்கொண்டது. அந்நியன் என்று பெயர் வாங்கிய சிங்கம் இருபத்தெட்டு வருஷத்தில் சொந்தப் பிள்ளை ஆயிற்று. இன்று அங்கே சிங்கத்தின் தோலுக்குள்ளே தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நம் சிலம்பத்துக்கும் நல்ல காலம் அடியோடு போய்விடவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு விழாவில், காட்சிப் போட்டியாகச் சிலம்பத்தைச் சேர்த்தார்கள். ஆனால் டில்லியும் சென்னையும் தருகிற மரியாதை மரத்தின் உச்சிக்கு வார்த்த தண்ணீர்; வேர் நம் கிராமத்துத் திருவிழாவிலே இருக்கிறது. உங்கள் ஊர் உற்சவக் கமிட்டியில் நீங்கள் இருந்தால், சாமி புறப்பாட்டுக்கு முன் கால் மணி நேரத்தைக் கம்புக்கு விட்டுக் கொடுங்கள். வாத்தியாருக்குச் சேர வேண்டிய துண்டையும் பணத்தையும் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். 'இங்கேயிருந்து போனதுதான்' என்று சொல்வதைவிட, 'இங்கேயே இருக்கிறது' என்று காட்டுவது மேல் அல்லவா?

நான் திரும்பியபோது இருட்டிவிட்டது. சிங்கத்தின் தலை ஒரு பெஞ்சியின் மேல் கண் திறந்தபடி கிடந்தது. அதன் பின்னங்காலாக இருந்த பையன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஆட்டம் முழுவதிலும் முன்னவனுடைய குதிகாலையும் சிவப்பு மண்ணையும் தவிர அவன் எதையும் பார்த்திருக்க முடியாது. சிலம்பப் பையன் அவனிடம் போய்த் தன் பிரம்பை நீட்டினான். அவன் அதை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கம்பு அவன் முழங்காலிலேயே பட்டது. இருவரும் சிரித்தார்கள்.

ஊர் எல்லையில், விளக்குக் கம்பத்தின் கீழ், மூன்று சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் குனிந்து அவன் அரைஞாணைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றாமவன் பனைமட்டையைச் சுழற்றிக்கொண்டு சிங்கத்தை எதிர்த்து நின்றான். மட்டையை எடுப்பதற்கு முன்னால், அவனும் மறக்காமல் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.