மண் கோர்ட்டுக்காரர்

2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. பரவை காய்கறி மார்க்கெட் பக்கத்து டீக்கடை. திண்டுக்கல் ரோட்டிலிருந்து லாரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனில் பாரிஸ் ஒலிம்பிக் இரட்டையர் டென்னிஸ் ஓடுகிறது. பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் ரோலன் காரோஸின் செம்மண் நிறத் தரை. ரோகன் போபண்ணாவும் கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியும் இந்தப் பக்கம். பிரான்ஸின் மோன்ஃபில்ஸ், ரோஜர்-வாசலின் அந்தப் பக்கம்.

போன் ஒரு லோடுமேன் பையனுடையது. மூட்டை இறக்கிய வியர்வை காயாமல் நின்றுகொண்டே பார்க்கிறான். பெஞ்சின் நுனியில் ஒரு பெரியவர். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, காய்த்துப்போன உள்ளங்கை. மதுரையில் ஏதோ ஒரு கிளப்பில் மண் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டவராம். டீ மாஸ்டரோடு அவர் பேசியதில் காதில் விழுந்தது.

பையன் பந்தைப் பார்க்கிறான். பெரியவர் தரையைப் பார்க்கிறார். மோன்ஃபில்ஸ் சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுக்கும்போது கூட்டம் கத்துகிறது. இவர் கண் அந்தக் கால் கிழித்த நீளமான கோட்டில் நிற்கிறது. “மண்ணு காஞ்சிருக்கு” என்கிறார், யாரிடமும் இல்லை.

அங்கே மேலே தெரிவது பொடித்த செங்கல். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல் தூள், எரிந்த நிலக்கரிக் கசடு, சரளை என்று அடுக்கடுக்காக இறங்கும். அந்த மெல்லிய தூள்தான் பந்தின் வேகத்தைப் பிடித்து இழுத்து, உயரமாக எழுப்பிவிடுகிறது. புல் தரையில் ஒரே அடியில் முடிகிற புள்ளி இங்கே பத்து, இருபது அடிக்கு நீளும். நம் ஊர் கிளப்புகளில் செம்மண்ணைச் சலித்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சில இடங்களில் சாணியும் மெழுகி, சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். நம் டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1962-இல் இதே ரோலன் காரோஸில் கால் இறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் 1979-இல் அங்கே ஜூனியர் பட்டம் வென்றார். இன்றைக்கோ மண் தரையில் கால் பழக நம் பையன்கள் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. சென்னையின் ராம்குமார் ராமநாதன் பார்சிலோனாவுக்குப் போய்த்தான் பயிற்சி எடுத்தார். நம் கிளப்புகளில் இருந்த மண்ணை மூடி சிமென்ட் பூசியது பெரிய இழப்பு.

முதல் செட் 5-7. பையன் ‘ச்சே’ என்று திரும்பிக்கொள்கிறான்.

பெரியவர் இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்கிறார். மண்ணைச் சமப்படுத்தும் வலையை இழுத்துக்கொண்டு ஆட்கள் உள்ளே வருகிறார்கள். இன்னொருவர் துடைப்பத்தால் வெள்ளைக்கோட்டைக் கூட்டுகிறார். பெரியவரின் துண்டு தோளிலிருந்து மடிக்கு வந்துவிட்டது.

“ஏ தம்பி, இங்க பாரு. வெளியேருந்து சுத்திச் சுத்தி உள்ள வாரான் பாத்தியா? உள்ளேருந்து வெளிய இழுத்தா மண்ணு பூராம் ஓரத்துல போய் ஒதுங்கிரும். நடுவுல வெறுந்தரைதான் நிக்கும்.”

“நீங்களும் இப்படித்தான் இழுப்பீங்களா தாத்தா?”

“எனக்கு வலையெல்லாம் ஏது? கோணிச்சாக்குதான். விடியுறதுக்கு முன்னால தண்ணி விட்டுரணும். எம்புட்டு விடணும்னு மண்ணை அள்ளிப் பிடிச்சாத் தெரியும்.” கையை மூடித் திறந்து காட்டுகிறார்.

பையன் அந்தக் கையைப் பார்க்கிறான். பிறகு அவனும் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். பந்து விழுந்த தடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறான். பிரெஞ்சு ஓப்பனில் அந்தத் தடம்தான் சாட்சி. சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்.

இரண்டாவது செட் நிற்கவில்லை. 2-6. பாலாஜி தலை குனிந்து வலைப்பக்கம் நடக்கிறார். அவரை இங்கே கொண்டுவந்ததும் இந்த மண்தான். ஜூன் தொடக்கத்தில் பிரெஞ்சு ஓப்பன் மூன்றாம் சுற்றில், மெக்சிகோவின் ரேயெஸ்-வரேலாவோடு சேர்ந்து போபண்ணா ஜோடியையே கடைசி டைபிரேக்கில் 8-10 வரை இழுத்துக்கொண்டு போனார். எதிரே நின்று அதைப் பார்த்த போபண்ணா, ஒலிம்பிக்குக்கு அவரையே கூட்டாளியாகக் கேட்டுக்கொண்டார். போபண்ணாவுக்கு 44 வயது. இந்தியாவுக்காக ஆடும் கடைசி ஆட்டம் இதுவே என்று தோற்ற பிறகு சொல்லிவிட்டார்.

“டேய், வெங்காய லோடு வந்துருச்சு!” உள்ளேயிருந்து குரல். பையன் போனை எடுத்து டவுசர் பையில் போடுகிறான். இரண்டு எட்டு வைத்தவன் திரும்புகிறான்.

“தாத்தா, நாளைக்குச் சாயங்காலம் நடாலும் ஜோகோவிச்சும் மோதுறாங்க. அதே இடத்துலதான். வர்றீங்களா?”

“நடாலா? இங்க பதினாலு தடவ ஜெயிச்சவனாச்சே” என்கிறார் பெரியவர். “எத்தன மணிக்கு?”