சென்ட்ரிங் பிரிக்கும் நாள்

கான்கிரீட் காய்வதில்லை. காய்கிறது என்று சொல்வது நம் வழக்கு. நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். துணி காயும், நெல் காயும், வடகம் காயும். சிமிண்டோ தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் இறுகுவது பாதியில் நின்றுவிடும். தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டி நீர் நிறுத்துவதும், தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றுவதும் அதனால்தான். முதல் ஏழு நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வலுவேறும். 28ஆம் நாள் வருவதையே முழு வலு என்று கணக்கில் கொள்கிறோம். 34 வருஷம் இதைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். 2015இல் ஓய்வு பெற்றேன். மறுபடியும் சொல்ல நேர்ந்தது 2023 கோடையில், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், மகள் வீட்டுக் கார் கொட்டகையில், பதினான்கு வயதுப் பேரனிடம்.

அவனுக்கு ஸ்கேட்போர்டு பைத்தியம். பலகை ஒன்று ஐம்பது அறுபது டாலர். இரண்டு மூன்று மாதத்தில் உடைத்துவிடுவான். இனி வாங்கித் தருவதில்லை என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாமே செய்துகொள்ளலாம், அதற்குக் கான்கிரீட்டில் அச்சு வார்க்க வேண்டும் என்று எங்கோ தெரிந்துகொண்டு வந்து நின்றான். "தாத்தா, உங்களுக்குக் கான்கிரீட் தெரியும்ல?" ஆறு மாத விஸாவில் வந்து, சாலையில் நடமாட்டமே இல்லாத ஊரில், பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி கௌரவமாக இருந்தது.

அவன் விளையாடும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். லேக் கன்னிங்ஹாம் பூங்காவுக்குக் கூட்டிப் போனான். 2008இல் திறந்த திடல். தொழில் கண்ணோடுதான் பார்த்தேன். குழிவும் மேடுமாக, மூலையென்று ஒன்று இல்லாமல், உருண்டு ஓடும் கான்கிரீட். ஓரிடத்தில் முழுக் குழாயாகவே வளைத்திருக்கிறார்கள். கரண்டித் தடம் தெரியாத பூச்சு. நாங்கள் கட்டியதெல்லாம் நேர்க்கோடும் செங்கோணமும்தான். கான்கிரீட்டுக்கு இப்படி ஒரு சுபாவம் உண்டு என்பதை என் உத்தியோகம் எனக்குக் காட்டவில்லை.

இந்த விளையாட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள உறவு தற்செயலானதுதான். 1976-77இல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. வீட்டு நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. பையன்கள் வேலி ஏறிக் குதித்து அந்தக் காலிக் குளங்களின் வளைந்த சுவர்களில் பலகையை ஓட்டினார்கள். அதற்குச் சில வருஷங்கள் முன்புதான் யூரித்தேன் சக்கரம் வந்திருந்தது. அது வழுக்காமல் சுவரைப் பற்றியது. அக்குளங்கள் பலவும், சிமிண்ட் கலவையைக் குழாய் வழியே காற்றழுத்தத்தில் பீய்ச்சிக் கட்டியவை. அந்தப் பீய்ச்சும் கருவியைக் கண்டுபிடித்தவர் கார்ல் ஏக்லி. பொறியாளர் அல்ல, அருங்காட்சியகத்தில் இறந்த மிருகங்களைத் தோல் பதனிட்டு உயிருள்ளது போல் நிறுத்தி வைப்பவர். 1911இல் காப்புரிமை பெற்றார். செத்த யானைக்கு உருவம் கொடுக்கத் தெரிந்தவரின் கருவி குளங்களுக்கு உருவம் கொடுத்தது. குளம் விளையாட்டுக்கு உருவம் கொடுத்தது. வாலை மிதித்துப் பலகையோடு எழும்பும் வித்தையை ஆலன் கெல்ஃபண்ட் என்ற ஃபுளோரிடாப் பையன் 1970களின் இறுதியில் கண்டான். 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதைச் சமதரைக்குக் கொண்டுவந்தான். பிறகு மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்து, குறுக்கே லேசான பள்ளம் விழுந்து, பலகை இன்றைய வடிவத்துக்கு வந்தது.

அந்த வடிவத்தைத்தான் நாங்கள் பிடிக்க வேண்டியிருந்தது.

வேலை இப்படி. ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி. மூன்றடி நீளம், ஓரடி அகலம். அடியில் ஈர மணல். அவனுடைய பலகைகளில் முறுக்கிக்கொள்ளாத ஒன்றைத் தேர்ந்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, கவிழ்த்து மணலில் பதித்தோம். திருகுத் துளைகளை நாடா ஒட்டி அடைத்தோம். பலகையின் விளிம்பிலிருந்து பெட்டிச் சுவர் வரை அதே கனத்துக்குக் களிமண் வழித்தோம். மெழுகு தடவி, அதன்மேல் கான்கிரீட் இட்டு, நடுவில் கோழிவலை வைத்தோம். இது கீழ்ப்பாதி, கிண்ணம் போல வரும். இறுகியபின் புரட்டி, மணலை நீக்கி, பலகையை அங்கேயே விட்டு, மறுபடி மெழுகு பூசி மேல்பாதியை வார்க்க வேண்டும். பாதி ஒவ்வொன்றும் சுமார் 65 கிலோ. பலகையை எடுத்துவிட்டால் இரண்டு பாதிகளுக்கும் இடையே எஞ்சுவது 11 மில்லிமீட்டர் வெற்றிடம். அச்சு என்பது உண்மையில் அந்த வெற்றிடம்தான். 130 கிலோ கான்கிரீட் அதற்குக் காவல்.

கீழ்ப்பாதியை வார்த்த அன்று, ஏழு நாள் தொடக்கூடாது என்றேன்.

"மூட்டையிலே பன்னிரண்டு மணி நேரம்னு போட்டிருக்கே தாத்தா."

"அது மேலே நடக்க. பிரிக்க இல்லே."

காலையும் மாலையும் ஈரத் துணி மாற்றினேன். கலிஃபோர்னியாக் கோடையில் துணி இரண்டு மணி நேரத்தில் மொறமொறத்துவிடும். இரண்டாம் நாள் இரவு, வீடு தூங்கியபின், பையன் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றி, உள்ளே வடிவம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கச் சாய்த்திருக்கிறான். வால் பக்க மூலை ஒரு கைப்பிடி அளவு உடைந்து விழுந்தது.

காலையில் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் நடந்துகொண்டதைத்தான் இங்கே எழுத வேண்டும். கத்தினேன். கத்தியது தமிழில், அதில் பாதி அவனுக்குப் புரிந்திருக்காது. கை ஓங்கிவிட்டேன். மகள் ஓடிவந்து நடுவில் நின்றாள். "ஒரு மூலைக்காப்பா இப்படி?" என்றாள். நியாயமான கேள்வி. சிமிண்ட் குழைத்து ஒட்டினால் தீர்ந்தது. என் கோபத்துக்கும் உடைந்ததற்கும் அளவுப் பொருத்தமே இல்லை. பையன் அழவில்லை. என்னைப் புதிய ஆள் மாதிரி பார்த்தான்.

அன்று மாலை அவனைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். மகளுக்கும் அதுவரை தெரியாத விஷயம்.

1986. ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டிருந்தோம். 5 மீட்டர் இடைவெளிக்கு மேல் தளம். நாலரை மீட்டருக்கு மேற்பட்டால் முட்டுகளை 14 நாள் விட்டுவைக்க வேண்டும், விதி. நவம்பர், குளிர்ந்த மழைநாட்கள். அப்போது வலு இன்னும் மெதுவாகத்தான் ஏறும். காண்ட்ராக்டரிடம் ஒரே செட் சென்ட்ரிங் பலகை. அடுத்த வேலைக்கு அது வேண்டும். எட்டாம் நாள் வந்து கேட்டார். மேலிடத்திலிருந்தும் சீக்கிரம் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். தளத்தைப் போய்ப் பார்த்தேன். மேலே தட்டினால் கணீரென்று கேட்டது. பிரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். முட்டு தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பகுதி இறங்கியது. அடியில் நின்ற சென்ட்ரிங் ஆளுக்கு வலது கால், முழங்காலுக்குக் கீழே, போயிற்று. விசாரணையில் கலவையில் தண்ணீர் அதிகம் விட்டதாகக் கொத்தனார்மேல் எழுதினார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். என் கையெழுத்தில் இருந்த தேதியை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நானும் எண்ணிக் காட்டவில்லை.

பேரனுடைய தமிழ் சமையலறைத் தமிழ். அதற்குள் அடங்கும்படி சொல்லச் சொல்ல, எனக்கு வழக்கமான ஒளிவிடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 'நிர்வாக நிர்ப்பந்தம்' என்பதற்கு அவனிடம் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை. "அவங்க கேட்டாங்க, நான் சரின்னுட்டேன்" என்றுதான் சொல்ல முடிந்தது.

"அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா, அப்பவே?"

"தெரியும்."

"அந்த மேஸன்?"

"வேலை போச்சு."

வேறெதுவும் கேட்கவில்லை. எழுந்து போய் ஈரத் துணியை மாற்றினான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். அந்த 1986 நவம்பரில் நான் ஒரு சிற்றிதழுக்காகக் கவிதையின் உருவம் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். யாப்பு என்பது வெறும் சென்ட்ரிங், கவிதை நிற்கத் தொடங்கியதும் அதைத் தட்டிப் பிரித்துவிட வேண்டும் என்று வாதம். என் தொழிலிலிருந்து எடுத்த உவமை என்பதில் பெருமை வேறு. நண்பர்கள் பாராட்டினார்கள். எந்த நாளில் பிரிப்பது என்ற ஒரே பிரச்னையைக் கட்டுரை தொடவில்லை. உள்ளே இறுகியிருக்கிறதா என்று கேட்காமல், பிரித்ததையே சாதனையாகக் கொண்டாடிய கவிதைகள் அந்த வருஷங்களில் எத்தனை வந்தன, எத்தனை இறங்கின என்பதை அவரவர் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். என்னுடையவையும் அதில் உண்டு. யாப்புக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முட்டுகள் என்றைக்கும் நிற்கக்கூடாதுதான். நின்றால் அது கட்டடமாகாது. ஆனால் பிரிக்கும் நாளை நம் அவசரம் தீர்மானிக்கக்கூடாது. தட்டினால் கணீரென்று கேட்பதும் அத்தாட்சி ஆகாது.

மூலையை ஒட்டினோம். இரண்டு பாதிகளும் முடிய மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஈரம் போக இன்னொரு வாரம் விட்டுவைத்தோம்.

பலகைக்கு மேப்பிள் மரத் தகடுகள் ஏழு, ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ஐந்தின் ரேகை நீளவாட்டில், இரண்டின் ரேகை குறுக்கே. ஒரே கட்டையை அழுத்தி வளைத்தால், கையை எடுத்ததும் திமிறி நேராகிவிடும். ஏழு தகடுகளை அடுக்கி வளைக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் நழுவும். மேல் தகடும் அடித் தகடும் வெவ்வேறு தூரம் போக வேண்டியிருக்கிறது. நழுவிய இடத்தில் பசை பிடித்துக்கொண்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. வளைவு நிலைப்பது அதனால்தான். அழுத்தம் தகடுகளை நெருக்கி வைக்கிறது. நிலைக்க வைப்பது பசையும் பொழுதும். நம் ஊர் பெவிகால் இனத்தைச் சேர்ந்த, தண்ணீர் தாங்கும் மஞ்சள் பசையை உருளையால் பூசினோம். அச்சின் மேலும் கீழும் கனமான மரக்கட்டைகள் கொடுத்து, எட்டுத் திருகுக் கம்பிகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கினோம். விளிம்பெங்கும் பசை சமமாகப் பிதுங்கி வந்தது. சமமாகப் பிதுங்கினால் அழுத்தம் சமம் என்று பொருள்.

மறுநாள் பிரிக்கலாம் என்றேன். பையன் இரண்டு நாள் விட்டுவைத்தான். நான் சொல்லாமலே.

பிரித்தபோது வடிவம் சரியாக வந்திருந்தது. அடிப்புறத்தில், வால் பக்கம், ஒட்டிய மூலையின் விளிம்பு ஒரு மயிரிழை தூக்கியிருந்ததால், பலகையில் சன்னமான கோடு ஒன்று பதிந்திருந்தது. தேய்த்து எடுத்துவிடலாம் என்றேன். இருக்கட்டும் என்றான். அச்சிலேயே இருப்பதால் அதற்குப் பிறகு அழுத்திய பலகைகள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு வந்தது. நான் கிளம்புவதற்குள் நான்கு செய்தோம். ஒன்றை என் பெட்டியில் வைத்து அனுப்பினான்.

அந்த ஆளின் பெயரும் கொத்தனாரின் பெயரும் எனக்குத் தெரியும். ஊரும் தெரியும்; இங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். திரும்பி வந்து வெகு நாளாகிறது. இன்னும் போகவில்லை. இதை எழுதுவது அதற்கு ஈடாகாது என்பதும் தெரியும்.

போன மாதம் பேரன் தன் பலகையின் அடிப்புறத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். எழும்பும்போதெல்லாம் வால் தரையில் அடித்து, கான்கிரீட்டில் உரசித் தேய்ந்து, அடுக்குகள் தெரிகின்றன. கோடு இருந்த இடமே இல்லை. என்னுடையது புத்தக அலமாரிமேல் இருக்கிறது. சக்கரம் பூட்டாதது. கோடு அப்படியே இருக்கிறது.