அன்றாடம் ஒரு பிடி

அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, கோயிலில் அவர்கள் பெயரில் என்ன வைப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தது. சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் உபதேசியாராக இருந்தவர்கள். சலவைக்கல்லில் ஒரு பிரசங்க மேடை செய்து, பெயரைப் பொறிக்கலாம் என்றார் அண்ணன். எனக்கும் அதில் ஆசை இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "கல்லு வைங்க, வேண்டாங்கல. அவுக பாத்த வேலைய இனிமே யாரு பாப்பா? அதைச் சொல்லுங்க" என்றார்கள்.

ஒரு கிறிஸ்தவர் தமக்குப் பின் எதை விட்டுச்செல்ல வேண்டும் என்று நான் யோசிக்கத் தொடங்கியது அன்றுதான்.

அப்பா பார்த்த வேலை நினைவுமலரில் நான்கு வரிகூடத் தேறாது. ஜெபம் முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு உதவித்தொகை மனு எழுதுவார்கள். தறிக்கு அனுப்பவிருந்த பிள்ளைகளைப் பெற்றோரிடம் பேசிப் பள்ளியில் சேர்ப்பார்கள். அடக்க ஆராதனைக்கு வந்து அழுதவர்களில் பலரை எங்களுக்கு முன்பின் தெரியாது. அவர்களில் வேறு மதத்தவரும் இருந்தார்கள்.

இப்படிப் பெயர் தேடாமல் உழைத்தவர்களில், வட திருநெல்வேலிச் சபை வரலாற்றில் என் மனதுக்கு நெருக்கமானவர் மிஷனரி ராக்லண்ட் ஐயர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து தேறியவர். சென்னைக்கு வந்து சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்தவர். அந்த அலுவலக வாழ்வை விட்டுவிட்டு 1854-இல் கூடாரத்தோடு இந்தக் கரிசல் வெயிலுக்குள் இறங்கினார். ஓரிடத்தில் கூடாரம் அடிப்பது, அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பேசுவது, பிறகு அடுத்த இடம். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் மரித்தபோது அவருக்கு வயது 43. அந்த ஊழியத்தில் அவர் கண்ணால் கண்ட பலன் மிகக் குறைவு. நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியைப் பற்றி இயேசு சொன்னதைத் தம் ஊழியத்துக்கே விதியாக ஏற்றிருந்தார். இந்தப் பகுதியில் சபைகள் பெருகியது அவருக்குப் பிறகு.

அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1901 முதல், இந்துக் கோயில்களுக்கு விடப்படவிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் தந்து தாயானவர். 1931-இல் கீழே விழுந்தபின், கடைசிவரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார், அங்கிருந்தே எழுதினார். 1951 ஜனவரி 18-இல் மரித்தார். தம் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று கேட்டிருந்தார். அதனால் பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கான நீர்த்தொட்டி ஒன்றை வைத்து, 'அம்மா' என்று மட்டும் பொறித்தார்கள். தமக்குப் பின் வருகிறவர்களுக்காகவே உழைத்தவர், தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் அவரிடம்தான் கற்றேன்.

பெயர் இல்லாமல் கொடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். திருநெல்வேலிச் சபையார் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலுக்கு ஊழியரை அனுப்பினார்களே, அதைத் தாங்கியதில் ஏழை விசுவாசிகளின் இதுபோன்ற சிறு காணிக்கைகளுக்கும் பங்குண்டு. கொடுத்தவர்களில் எத்தனை பேர் தோர்னக்கலைப் பார்த்திருப்பார்கள்? ஆனாலும் கொடுத்தார்கள்.

நாங்கள் பிரசங்க மேடை செய்யவில்லை. அதற்கான பணம் இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாயிற்று. மனு எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மாலையில் விசைத்தறித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் உதவித்தொகைப் படிவம், வருமானச் சான்றிதழ் மனு என்று கொண்டுவருவார்கள். வாங்கிப் போகிறவர்களில் பலர் காரியம் ஆனதா இல்லையா என்று சொல்லத் திரும்பி வருவதில்லை. நன்றியை எதிர்பார்க்கும் மனம் எனக்கும் உண்டு; சில நாள் அது வலிக்கும். அப்போது கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும் ராக்லண்ட் ஐயரை நினைத்துக்கொள்வேன். பலன் தேவனுடைய கையில் இருக்கிறது. என் கையில் இருப்பது இன்றைய மனு.

பிற்காலத்தில் செய்யலாம் என்று ஒதுக்கும் நன்மை பெரும்பாலும் செய்யப்படாமலே போகிறது. இன்று உங்கள் வாசலுக்கு வந்தவருக்கு இன்றே செய்துவிடுங்கள். அதைச் செய்யும்போது வீட்டுப் பிள்ளை ஒன்றையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். நான் படிவம் நிரப்பும்போது ஆதார் எண்ணைச் சரிபார்ப்பது என் மகள். விசுவாசத்தைப் பற்றி நான் அவளிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். அவள் அதைக் கையால் செய்து பழகுவது இந்த ஒரு மணி நேரத்தில்தான்.