குதிரை வால் சொன்ன கதை

தமிழ்மொழிக் கழகக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "உன்னுடைய இறுதியாண்டு ஆய்வு எதைப் பற்றி?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். "குதிரை மயிர்" என்றேன். அவ்வளவுதான்! அறை முழுவதும் சிரிப்பு. நல்ல தமிழ்ச் சொல் ஒன்று வசைச் சொல்லாகிப் போனதற்கு நான் என்ன செய்வேன்? அன்று முதல் 'முடி' என்றே சொல்லி வருகிறேன். சிரிப்புச் சத்தத்தில் அன்று சொல்லாமல் விட்டதை இந்த ஆண்டிதழில் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். குதிரைகள் நீண்ட காலமாக அழுத்தத்தில் இருந்தனவா என்பதை அவற்றின் முடியிலிருந்து கண்டறிய முடியுமா என்பதே என் ஆய்வு. குதிரைக்குக் கூடவா மன அழுத்தம் என்று கேட்காதீர்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் நம் உடம்பில் சுரக்கும் அதே கார்ட்டிசால்தான் குதிரையின் உடம்பிலும் சுரக்கிறது. சிறுநீரகத்தின் அருகே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலை அது. ஆபத்து நேரத்தில் ஓடவும் போராடவும் உடம்பைத் தயார் செய்வதால் அது நல்லதுதான். ஆனால் மாதக்கணக்கில் அதிகமாகவே இருந்தால் நோய் எதிர்ப்பாற்றல் குறையும், தசை கரையும். அழுத்தம் என்பது உடம்பையும் பாதிக்கிறது என்று ஹான்ஸ் செலியே தம் முதல் ஆய்வுக் குறிப்பை வெளியிட்டது 1936ஆம் ஆண்டில்.

அதை எப்படி அளப்பது? இரத்தம் எடுக்கலாம். ஆனால் ஊசியைக் கண்டதுமே மிரளும் குதிரையின் இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே கார்ட்டிசால் ஏறிவிடும். போதாததற்கு, காலையில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இருப்பது அதன் இயல்பு. உமிழ்நீரும் அந்த நேரத்து நிலையையே சொல்லும். சாணம் ஏறத்தாழ முந்தைய நாளின் கதையைச் சொல்லும். முடி மட்டும்தான் மாதக்கணக்கில் பேசும். முடி வளரும்போது வேரைச் சுற்றியுள்ள இரத்த நாளங்களிலிருந்து கார்ட்டிசால் சிறிது சிறிதாக அதனுள் சேர்கிறது. 2002இல் கோரன் குழுவினர் ஹைராக்ஸ் என்னும் சிறு காட்டு விலங்கின் முடியில் இதை அளந்து காட்டினார்கள். அதன் பிறகு குரங்கு, மாடு, நாய், குதிரை என்று இந்த முறை பரவியது.

குதிரையின் உடல் முடி பருவந்தோறும் உதிர்ந்துவிடும். பிடரி முடியும் வால் முடியும் அப்படியல்ல. வால் முடி மாதத்திற்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வளர்கிறது. சில குதிரைகளுக்கு இன்னும் கூடுதல். தோலை ஒட்டி வெட்டி, 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால், ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒரு மாதம். நாட்காட்டியைக் கிழிப்பது போலத்தான்!

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஜொகூர் பாருவில் இருக்கிறோம். அப்பா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாலம் கடந்து சிங்கப்பூர் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலுக்கு வேலைக்குப் போனவர். 'சைஸ்' என்பார்களே, குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடத்திச் செல்பவர், அந்த வேலை. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்தால் வீடு திரும்பும்போது உடம்பெல்லாம் லாய வாசனை. பள்ளிப் பாரங்களில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'பராமரிப்பாளர்' என்று எழுதுவேன். எதைப் பராமரிக்கிறார் என்று எழுதியதே இல்லை.

1842இல் தொடங்கப்பட்ட அந்தப் பந்தயக் கழகம் 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. அதன் பின் குதிரைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. அப்பா பார்த்துக்கொண்ட செந்நிறக் குதிரை ஒன்று 2025 ஜனவரியில் ஜொகூரில் இருக்கும் ஒரு சவாரிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அப்பாவின் வேலையும் அத்தோடு முடிந்தது. அந்தக் குதிரையையும் என் ஆய்வில் சேர்க்க அனுமதி வாங்கினேன்.

ஏப்ரலில் முடி வெட்டப் போனபோது அப்பாவும் உடன் வந்தார். குதிரை அவரைக் கண்டதும் தலையைத் தாழ்த்தி அவர் சட்டைப் பையை முகர்ந்தது. "வெல்லம் வச்சிருப்பேன்னு நெனைக்கிறான்" என்றார். வாலின் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், பென்சில் தடிமனுக்கு ஒரு கொத்து வெட்டினேன். வலியும் இல்லை, மிரட்சியும் இல்லை.

"ஏம்மா, முடிய வெட்டிப் பாத்துத்தான் இவன் மனசு தெரியணுமா? என்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?" என்றார் அப்பா.

"நீங்க சொன்னா பேராசிரியர் ஒத்துக்க மாட்டாருப்பா. எண் வேணும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு வாலைச் சீவத் தொடங்கினார்.

ஆய்வுக்கூடத்தில் முடியை முதலில் ஐசோபுரோப்பனாலில் கழுவ வேண்டும். வெளியே ஒட்டிய வியர்வையும் அழுக்கும் போனால்தான் உள்ளே இருப்பது தெரியும். பிறகு உலர்த்தி, அரவை எந்திரத்தில் மாவாக அரைத்து, மெத்தனாலில் ஓர் இரவு ஊறவைத்து, அந்தச் சாற்றை ஆவியாக்கி, எஞ்சியதை எலைசா முறையில் அளக்க வேண்டும். விடை ஒரு மில்லிகிராம் முடிக்கு இத்தனை பிகோகிராம் என்று வரும். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு!

செந்நிறக் குதிரையின் வால் முடியில் ஆறு துண்டுகள். ஜனவரியில் லாரிப் பயணமும் புது இடமும் பாடாய்ப் படுத்தியிருக்கும், ஆகவே மூன்றாம் துண்டில்தான் அளவு உயரும் என்று நினைத்திருந்தேன். வெயிலும் குளியலும் கரைத்துவிடும் என்பதால் நுனிப் பக்கம் குறைவாக இருக்கும் என்றும் எதிர்பார்த்தேன். ஆனால் உயர்ந்து நின்றது ஐந்தாம் துண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் நவம்பரும் டிசம்பரும். குதிரை அப்போது தன் பழைய லாயத்தில்தான் இருந்தது. பயிற்சியும் குறைந்துவிட்டது. பிறகு ஏன்? சோதனையை மறுபடியும் செய்தேன். அதே முடிவு.

வார இறுதியில் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். நீல அட்டை, ஓரமெல்லாம் மடிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் தீனி எவ்வளவு, காலில் வீக்கம் உண்டா, காய்ச்சல் உண்டா என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். இப்படி ஒரு நோட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. நவம்பர் மாதப் பக்கத்தில் இருந்தது: 'பக்கத்து வெள்ளையன் போயிட்டான். இவன் காலையில் தின்னவில்லை.' அடுத்த நாள், 'பாதி.' அடுத்த நாள், 'பாதி. கதவையே பார்த்துக்கிட்டு நிக்கிறான்.' இப்படியே மூன்று வாரங்கள்.

குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. பழகிய துணையைப் பிரிவது அதற்குப் பெரும் அழுத்தம் என்று நான் பாடத்தில் படித்திருக்கிறேன். அப்பா அதைப் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறார்.

பேராசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "ஒரு குதிரை என்பது கதை, ஆய்வு முடிவு அல்ல" என்றார். அவர் சொன்னது சரிதான். முடி வளரும் வேகம் குதிரைக்குக் குதிரை மாறும். தோலுக்குள் இருக்கும் முடி வெளியே வர நாளாகும். ஆகவே மாதக் கணக்கு முன்பின் ஆகலாம். முடியின் நிறம்கூட அளவை மாற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கார்ட்டிசாலுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. கடும் ஓட்டத்திலும் அது உயரும், பயத்திலும் உயரும், பிரிவிலும் உயரும். எவ்வளவு என்று முடி சொல்லும். எதனால் என்று பக்கத்தில் இருந்தவர்தான் சொல்ல வேண்டும். "அடுத்து யாராவது இந்த ஆய்வைச் செய்தால் பராமரிப்பாளர் குறிப்புகளையும் சேர்த்தே தொடங்க வேண்டும். இதை உன் பரிந்துரையில் எழுது" என்றார் பேராசிரியர். எழுதினேன்.

அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் நோட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மாசமெல்லாம் அப்பாவும்தான் சரியா சாப்பிடலம்மா. ஒனக்குப் பரீட்சைன்னு சொல்ல வேணாம்னாரு" என்றார்.

நண்பர்களே, குதிரையின் வாலிலிருந்து ஆறு மாதக் கதையைப் பிழிந்தெடுத்த எனக்கு இது தெரியவில்லை. அந்த நவம்பரில் வாரந்தோறும் அப்பாவிடம் பேசினேன். "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டேன். "ஆச்சும்மா" என்றார். அத்தோடு பணக் கணக்குக்கும் பாடக் கணக்குக்கும் போய்விட்டோம். மனித முடி மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் என்று எனக்குத் தெரியும். வெட்டிப் பார்க்கலாம் என்றால் அப்பாவுக்கோ வழுக்கை!

இப்போது அப்பா அந்தச் சவாரிப் பள்ளியில் வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறார். சம்பளம் முன்பை விடக் குறைவுதான். ஆனால் பாலம் கடக்க வேண்டியதில்லை. செந்நிறக் குதிரையும் அங்கேயே இருக்கிறது. புதிய நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பட்டமளிப்பு விழாவுக்கான பாரம் போன வாரம் வந்தது. அதிலும் 'தந்தையின் தொழில்' என்று ஓர் இடம் இருந்தது. 'குதிரைப் பராமரிப்பாளர்' என்று முழுதாக எழுதினேன்.